அம்மாவோட அசதி குறையணும்னா பிள்ளைங்க கைக்கு வேலை போகணும்: படிப்படியா ஒரு முழு வழிகாட்டி

காலைல ஆறு மணிலேர்ந்து ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கிற வரைக்கும் ஒரு அம்மா மண்டைக்குள்ள என்ன ஓடுதுன்னு யோசிச்சுப் பாருங்க. இன்னிக்கு புதன்கிழமை, பெரியவளுக்கு பி.டி. பீரியட் இருக்கு, வெள்ளை ஷூ காஞ்சிருச்சா, சின்னவனுக்கு ட்ராயிங், கிரையான்ஸ் பாக்ஸ் எங்க, டைரில கையெழுத்து போட்டோமா, லெமன் சாதம் வெச்சா ஒண்ணு அப்படியே திருப்பிக் கொண்டு வரும், தயிர் சாதம் வெச்சா இன்னொண்ணு கொண்டு வரும், வாட்டர் பாட்டில் மூடி நேத்தே லூஸா இருந்துச்சே... கை ஒரு பக்கம் தோசை ஊத்திட்டு இருக்கும், இன்னொரு பக்கம் வாய் "சாக்ஸ் போட்டியா"ன்னு கத்திட்டு இருக்கும்.

2024-ல மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு சர்வேல, வீட்டு வேலை செய்யிற பெண்கள் ஒரு நாளைக்கு சராசரியா 289 நிமிஷம் அதுல செலவழிக்கிறாங்க, ஆண்கள் 88 நிமிஷம்னு வந்துச்சு. கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம். ஆனா மேல சொன்ன மாதிரி மனசுக்குள்ள ஓடுற கணக்கை எந்த நிமிஷத்துல சேக்குறது? என் அனுபவத்துல, நான் பழகுற அம்மாக்கள்கிட்ட பேசினதுல, ஆளை உருக்குறது கை வேலையை விட இந்த ஞாபகம் வெச்சுக்கிற வேலைதான். அதனால இதுல நான் சொல்லப்போறதோட அடிப்படை ஒண்ணுதான், பிள்ளைங்களை ஹெல்ப்புக்கு கூப்பிடாதீங்க, ஒரு வேலையை முழுசா, அதை ஞாபகம் வெச்சுக்கிற பொறுப்போட சேத்து அவங்ககிட்ட குடுத்துருங்க. "வந்து தட்டு எடுத்து வை"ன்னு தினமும் நீங்க சொல்ல வேண்டி இருந்தா அந்த வேலை இன்னும் உங்க தலைலதான் இருக்கு.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி: இது என்ன மாதிரி அசதி?

ஒரு நாள் நல்லா தூங்கினா சரியாகுற களைப்பு வேற, பெத்தவங்களுக்கு வர்ற பர்ன்அவுட் வேற. பெல்ஜியத்துல இசபெல் ரோஸ்கம், மொய்ரா மிகோலாய்சாக்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இதைப் பத்தி பல வருஷமா வேலை பண்றாங்க. அவங்க சொல்ற அடையாளங்களை நம்ம பாஷைல சொன்னா இப்படி இருக்கும்: காலைல எழும்போதே இன்னிக்கும் இதே ஓட்டமான்னு உடம்பு கனக்கும், பிள்ளைங்களுக்கு எல்லாம் செஞ்சுட்டே இருப்பீங்க ஆனா மனசு ஒட்டாது, அவங்க ஸ்கூல் கதை சொன்னா காதுல ஏறாது, அம்மாவா இருக்குறதுல முன்ன இருந்த சந்தோஷம் வத்திப் போயிருக்கும், "நான் இப்படி இல்லையே"ன்னு உங்களுக்கே தோணும். இதுல ரெண்டு மூணு உங்களுக்கு இருந்தா நீங்க கெட்ட அம்மான்னு அர்த்தம் இல்ல, ரொம்ப நாளா தாங்க முடியாத பாரத்தை தூக்கிட்டு இருக்கீங்கன்னு அர்த்தம்.

இதுல ஒண்ணு கண்டிப்பா செய்யுங்க, ஒரு ரத்தப் பரிசோதனை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுல 15-லேர்ந்து 49 வயசு வரைக்கும் உள்ள இந்தியப் பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. ஹீமோகுளோபின் குறைஞ்சு போய், இல்ல தைராய்டு ஏறி இறங்கி, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குற அம்மாவுக்கு எந்த அட்டவணையும் உதவாது, முதல்ல மாத்திரைதான் உதவும். குழந்தை பிறந்து ஒரு வருஷம் ஆகலைன்னாலும், எதுலயுமே நாட்டம் இல்லாம அழுகை அழுகையா வந்தாலும், செத்துடலாமான்னு ஒரு தடவை தோணினாலும் இதைப் படிக்கிறதை நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க, இல்ல 14416-க்கு போன் பண்ணுங்க, அரசோட டெலி மானஸ் மனநல உதவி எண் அது, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.

படி 1: எல்லாத்தையும் பேப்பர்ல இறக்குங்க

ஒரு ஸ்கூல் நாள், ஒரு லீவு நாள், ரெண்டையும் எடுத்துக்கோங்க. செய்யிற வேலை மட்டும் இல்ல, ஞாபகப்படுத்துற வேலையையும் எழுதுங்க. "சின்னவனை நாலு தடவை பல் தேய்க்க சொன்னேன்" அதுவும் ஒரு வேலைதான். எழுதி முடிச்சா ரெண்டு பக்கம் ஓடிரும், பயப்படாதீங்க.

அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல இது நிஜமா யார் வேலைன்னு எழுதுங்க. இங்க ஒரு விஷயத்தை அழுத்தி சொல்லணும். கணவர் வீட்ல இருந்தா அவர் பங்கு முதல்ல பிரியணும். அப்பா டீ குடிச்ச டம்ளரை ஹால்லயே வெச்சுட்டுப் போற வீட்ல ஏழு வயசு பையன்கிட்ட "உன் தட்டை நீ கழுவு"ன்னா அவன் கேக்குற கேள்விக்கு நம்மகிட்ட பதில் இருக்காது. பிள்ளைங்களை விட்டு அப்பா வேலையை ரொப்புறதுக்கு இந்த வழிகாட்டி இல்ல.

படி 2: ஒரே ஒரு வேலை

லிஸ்ட்லேர்ந்து ஒண்ணே ஒண்ணு எடுங்க. தினமும் வர்ற வேலையா இருக்கணும், சொதப்பினாலும் பெருசா ஒண்ணும் கெட்டுப் போகாததா இருக்கணும், முக்கியமா உங்களுக்கு அதிகமா எரிச்சல் வர வைக்கிற வேலையா இருக்கணும். நிறைய வீடுகள்ல அது சாயந்திரம் ஸ்கூல் பேக்லேர்ந்து டிபன் பாக்ஸை வெளில எடுக்காம விடுறது, காலைல திறந்தா நாத்தம். அதுல ஆரம்பிக்கலாம்: வந்ததும் டிபன் பாக்ஸ், பாட்டில், ஸ்நாக்ஸ் டப்பா மூணையும் எடுத்து, மிச்சத்தை கொட்டி, தண்ணி ஊத்தி சிங்க்ல வைக்கணும். அஞ்சு வயசுப் பிள்ளை தாராளமா செய்யும், எட்டு வயசானா கழுவியே வெச்சிரும்.

நிறைய பேர் ஆர்வத்துல ஒரு சார்ட் போட்டு பத்து வேலையை ஒட்டி, ஒரே வாரத்துல வீட்டையே மாத்தப் பாப்பாங்க. பத்து புது வேலையை மேய்க்கிற சூப்பர்வைசர் வேலை அம்மா தலைல வந்து விழுந்து, இருந்ததை விட அதிகமா டயர்ட் ஆகி ரெண்டாவது வாரமே சார்ட் குப்பைக்கு போயிரும். ஒரு வேலை நீங்க சொல்லாமலே நடக்க ஆரம்பிச்ச அப்புறம்தான் அடுத்தது. நாலஞ்சு வாரம் ஆனாலும் ஆகட்டும்.

படி 3: வீட்டை அவங்க உயரத்துக்கு இறக்குங்க

குழந்தைகள் கல்விக்குன்னு தனி முறையையே உருவாக்கின இத்தாலி நாட்டு மரியா மாண்டிசோரி 1939-ல சென்னை அடையாறுக்கு வந்து, போர் காரணமா ஊருக்குத் திரும்ப முடியாம வருஷக்கணக்கா இங்கயே இருந்து நம்ம ஊர் டீச்சர்களுக்குப் பயிற்சி குடுத்தாங்க. அவங்க முறைல சின்னப் பிள்ளைங்களுக்கு முதல்ல வர்றது அன்றாட வேலைதான், தண்ணி ஊத்துறது, பட்டன் போடுறது, கூட்டுறது, துடைக்கிறது. அதுக்கு அவங்க செஞ்ச ஏற்பாடு எளிமையானது, சாமான் எல்லாம் குழந்தை சைஸ்ல, குழந்தை கைக்கு எட்டுற இடத்துல இருக்கும். அதுக்குன்னு விலை உசந்த மர அலமாரி எல்லாம் ஆன்லைன்ல வாங்கத் தேவையே இல்ல.

கதவுக்குப் பின்னாடி குழந்தையோட தோள் உயரத்துல ரெண்டு ஹூக் அடிச்சா பேக்கும் ஐ.டி. கார்டும் தொங்கும். தட்டு, டம்ளரை மேல் ஷெல்ஃப்லேர்ந்து கீழ் ஷெல்ஃபுக்கு மாத்துங்க. பெரிய குடத்துலேர்ந்து சாய்ச்சு குடிக்க முடியாது, குழாய் வெச்ச டிஸ்பென்சரோ, ஒரு சின்ன சொம்போ கைக்கு எட்டுற மாதிரி வெச்சுட்டா "அம்மா தண்ணி" பாதி குறையும். வாஷ்பேசின் கிட்ட வழுக்காத ஸ்டூல். ரெண்டு செட் யூனிபார்மையும் கீழ் டிராயர்ல, உள்ளாடை, சாக்ஸ், கர்ச்சீஃபோட சேத்து ஒரே இடத்துல. சின்னதுங்களுக்கு எலாஸ்டிக் வெச்ச டவுசர், வெல்க்ரோ ஷூ.

அப்புறம் டிபன் பாக்ஸ். அழகா இருக்குன்னு நாலு பக்கம் கிளிப் வெச்ச டப்பா வாங்குவோம், பிள்ளைக்கு அதை திறக்க வராது, மிஸ்கிட்ட கேக்க கூச்சமா இருக்கும், சாப்பிடாம அப்படியே வரும், நம்ம சாப்பாடு பிடிக்கலைன்னு நினைச்சு மெனுவை மாத்திட்டு இருப்போம். வாங்குறதுக்கு முன்னாடி கடைலயே பிள்ளை கைல குடுத்து திறந்து மூட சொல்லுங்க.

படி 4: சொல்லித் தர்றதுக்குன்னு நேரம் ஒதுக்குங்க

திங்கக்கிழமை காலைல ஏழு மணிக்கு ஷூ லேஸ் சொல்லித் தர முடியாது, ரெண்டு பேருக்கும் அழுகைதான் வரும். சனிக்கிழமை சாயந்திரம் மாதிரி அவசரம் இல்லாத நேரமா பாருங்க. முதல் தடவை நீங்க மெதுவா, பேச்சைக் குறைச்சு செஞ்சு காட்டுங்க. அடுத்து சேந்து செய்யுங்க. அப்புறம் அவங்க செய்யட்டும், நீங்க பக்கத்துல இருங்க, கையை மடில வெச்சுக்கோங்க. கடைசியா ரூமை விட்டு வெளில வந்துருங்க. நாலாவதுதான் அம்மாக்களுக்கு கஷ்டம், நின்னு பாத்தா கை தானா நீளும்.

கஷ்டமான வேலைக்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுங்க, அதாவது அன்றாட வேலைகளைத் தானா செய்யப் பழக்குற தெரபிஸ்ட்டுங்க, பயன்படுத்துற ஒரு முறை இருக்கு, கடைசி ஸ்டெப்லேர்ந்து பின்னாடி போறது. சட்டைல எல்லா பட்டனும் நீங்க போட்டு கடைசி பட்டனை மட்டும் அவன் போடட்டும், "நானே போட்டேன்"னு முடிப்பான். அது வந்ததும் கடைசி ரெண்டு பட்டன், அப்புறம் மூணு. முடிக்கிறது எப்பவும் அவன் கைல இருக்குறதால சலிப்பு வராது. வளர்ச்சில கொஞ்சம் பின்தங்குற பிள்ளைங்க, ஆட்டிசம் இருக்குற பிள்ளைங்களுக்கும் இதே வழியை இன்னும் சின்னச் சின்ன துண்டா உடைச்சு சொல்லித் தரலாம், தெரபிஸ்ட் இருந்தா அவங்ககிட்ட எதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்னு கேளுங்க.

ஒரு வேண்டுகோள், அவங்க மடிச்ச துணியை அவங்க கண்ணு முன்னாடி பிரிச்சு மறுபடி மடிக்காதீங்க. கோணலா இருந்தா கோணலாவே பீரோவுக்குள்ள போகட்டும்.

சாப்பாடு: இதுக்குன்னு தனியா சொல்லணும்

நம்ம வீடுகள்ல அம்மாவோட நேரத்தை அதிகமா தின்றது ஊட்டி விடுறதுதான். அஞ்சு வயசு, ஆறு வயசு, சில வீட்ல நாலாம் கிளாஸ் பிள்ளைக்கு கூட ஒரு கைல தட்டு இன்னொரு கைல போன்னு ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம் போகுது. அதே குழந்தை அங்கன்வாடில, ஸ்கூல்ல, மத்த பிள்ளைங்களோட உக்காந்து தன் கையால சாப்பிடுது. அரசுப் பள்ளிகள்ல காலை உணவுத் திட்டத்துல பாருங்க, ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைங்க உப்புமாவும் பொங்கலும் தானா எடுத்து சாப்பிட்டுட்டு தட்டைக் கழுவ வரிசைல நிக்கும். பிள்ளைக்கு முடியாமல்லாம் இல்ல, வீட்ல அதுக்கு நாம இடம் விடல.

திடீர்னு ஒரு நாள் நிறுத்தாதீங்க, அது அவங்களுக்கு தண்டனை மாதிரி படும். முதல்ல கைல எடுத்து கடிக்கிற சாப்பாடு, இட்லி, தோசை, சப்பாத்தி துண்டு, ஆப்பிள். அந்த வேளைல ஊட்டுறது இல்ல. அது பழகினதும் கெட்டியான தயிர் சாதம், பருப்பு சாதம், ரச சாதம் எல்லாம் கடைசில. கீழ பழைய பெட்ஷீட் விரிச்சிருங்க, சிந்தினா அவங்களே துடைக்க ஒரு துணியும் பக்கத்துல. தட்டுல கொஞ்சமா வைங்க, வேணும்னா கேக்கட்டும். நீங்களும் அதே நேரம் உங்க தட்டோட உக்காருங்க, இது ரொம்ப முக்கியம், எல்லாருக்கும் போட்டுட்டு ஆறினதை கடைசில நின்னுட்டே சாப்பிடுற பழக்கமும் இதோட போயிரும்.

சாப்பிடும்போது டிவியும் போனும் போகணும்னா ஒவ்வொரு வேளையா குறைங்க. முதல் வாரம் குறைவாதான் சாப்பிடுவாங்க, வயிறு காலியாத் தெரியும், நமக்கு மனசு கேக்காது. நல்லா ஓடி ஆடுற, எடை கூடிட்டு இருக்குற பிள்ளைன்னா அடுத்த வேளைக்குப் பசில தானா சாப்பிடும். எடை ஏறாத பிள்ளை, அடிக்கடி காய்ச்சல் வர்ற பிள்ளைன்னா மட்டும் குழந்தை டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஆரம்பிங்க.

எந்த வயசுல என்ன

இதை ரூலா எடுத்துக்காதீங்க. ரெண்டு மூணு வயசுல பொம்மையைக் கூடைல போடுறது, செருப்பை ஸ்டாண்ட்ல வைக்கிறது, அழுக்குத் துணியைக் கூடைல போடுறது. நாலு அஞ்சுல தானா குளிக்க முயற்சி, டிரெஸ் மாத்துறது, காய் அலம்புறது, பட்டாணி உரிக்கிறது, கீரை ஆயுறது. கீரை ஆயுறதுல பிள்ளைங்க எவ்ளோ நேரம் உக்காருவாங்கன்னு பாத்தா ஆச்சரியப்படுவீங்க.

ஆறுலேர்ந்து எட்டுதான் பொன்னான காலம். "நான் பண்றேன்"னு அவங்களே வருவாங்க, செய்யவும் தெரியும். டைம்டேபிள் பாத்து பேக் அடுக்குறதை இந்த வயசுல முழுசா குடுத்துருங்க, ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடியே. இதுல இன்னொரு நன்மை, எல்லா புக்கையும் தினமும் சுமக்குறது குறையும், பை எடை உடம்பு எடைல 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாதுன்னு மத்திய அரசோட 2020 ஸ்கூல் பேக் கொள்கைலயே இருக்கு. பல் தேய்க்கிறது மட்டும் அவங்களே செஞ்சாலும் ஏழெட்டு வயசு வரைக்கும் ராத்திரி ஒரு தடவை நீங்க பாத்து விடுங்க, கடைவாய்ப் பல்லு வரைக்கும் அவங்க கை சரியாப் போகாது.

ஒன்பதுக்கு மேல வாஷிங் மெஷின் போடுறது, காயவைக்கிறது, மடிக்கிறது, பக்கத்துக் கடைக்குப் போய் கணக்குப் பாத்து மீதி வாங்கிட்டு வர்றது, தலை பின்னிக்கிறது. பத்து பன்னெண்டுல நீங்க பக்கத்துல நிக்க தோசை ஊத்துறது, முட்டை வேக வைக்கிறது.

குடுக்கக் கூடாததும் இருக்கு. குக்கர், கொதிக்கிற சாம்பார் ரசத்தை இறக்குறது, எண்ணெய்ச் சட்டி, ஈரக்கையோட மிக்ஸி, தண்ணி மோட்டார் சுவிட்ச், அயர்ன் பாக்ஸ், மாத்திரை எடுத்துக் குடுக்குறது, தம்பி பாப்பாவைக் குளிப்பாட்டுறது, இதெல்லாம் பெரியவங்க வேலை. அசதில இருக்கும்போதுதான் "கொஞ்சம் கேஸை ஆஃப் பண்ணு"ன்னு வாய்ல வந்துரும், அங்க கவனம்.

படி 5: ஞாபகப்படுத்துறதை நிறுத்துங்க

இதுதான் மொத்த விஷயத்தோட உயிர். காலை வேலையை வரிசையா படமா வரைஞ்சு அவங்க கண் மட்டத்துல ஒட்டுங்க, அவங்களையே வரைய சொல்லுங்க. அப்புறம் "பிரஷ் பண்ணு, குளி, சாக்ஸ் போடு"ன்னு சொல்றதுக்குப் பதிலா "அடுத்து என்ன?" மட்டும் கேளுங்க. சில வாரத்துல அதுவும் வேண்டாம்.

அப்ப மறந்துரும். டைரியை விட்டுட்டுப் போவான், கிரையான்ஸை விட்டுட்டுப் போவா. ஸ்கூட்டியை எடுத்துட்டு ஸ்கூல் கேட் வரைக்கும் ஓடாதீங்க. மிஸ் ரெண்டு வார்த்தை சொல்லட்டும். முன்கூட்டியே கிளாஸ் டீச்சர்கிட்ட "அவனே பேக் அடுக்கிப் பழகுறான் மிஸ், கொஞ்ச நாள் ஏதாச்சும் விட்டுட்டு வருவான்"னு சொல்லி வெச்சிருங்க, நிறைய டீச்சர் சந்தோஷமாதான் ஒத்துக்குவாங்க. சாப்பாடு, தண்ணி, கண்ணாடி, இன்ஹேலர், பரீட்சை ஹால் டிக்கெட் இதுக்கெல்லாம் மட்டும் ஓடுங்க. சாயந்திரம் வந்ததும் "நான் அப்பவே சொன்னேன்ல" வேண்டாம், "நாளைக்கு மறக்காம இருக்க என்ன பண்ணலாம்?"னு அவன்கிட்டயே கேளுங்க, அவன் சொல்ற ஐடியா பல நேரம் நம்மளோடதை விட நல்லா இருக்கும்.

காசு குடுத்து வேலை வாங்குறது எனக்கு உடன்பாடு இல்ல. அவங்க சாப்பிட்ட தட்டைக் கழுவ அஞ்சு ரூபான்னு ஆரம்பிச்சா அடுத்த மாசம் பத்து ரூபா கேப்பாங்க, நியாயம்தானே. "நீ பாட்டில் ரொப்பி வெச்சதால எனக்கு காலைல உக்காந்து காபி குடிக்க முடிஞ்சுது"ன்னு உண்மையைச் சொல்லுங்க, போதும்.

வீட்ல இருக்குற பெரியவங்க

"பச்சப்புள்ளையை வேலை வாங்குறியே", "நாங்கல்லாம் அஞ்சு புள்ளை வளக்கலையா"ன்னு வரும். சண்டைக்குப் போகாதீங்க. அத்தைகிட்ட பொறுப்பைக் குடுங்க: "அத்தை, பூ கட்டுறதை நீங்கதான் அவளுக்கு சொல்லித் தரணும்", "தாத்தா, செடிக்குத் தண்ணி ஊத்துறது நீங்களும் அவனும்". சொல்லித் தர்றவங்களா மாறிட்டா அவங்களே பெருமையா பக்கத்து வீட்ல சொல்லுவாங்க. பாட்டி ஆசையா ஒரு வாய் ஊட்டுறதை மட்டும் தடுக்காதீங்க, அது வேற சந்தோஷம்.

இன்னொண்ணு ரொம்ப கவனமாப் பாக்கணும். பொண்ணுக்கு கூட்டுறது, பாத்திரம், பையனுக்கு பால் பாக்கெட் வாங்கிட்டு வர்றது மட்டும்னு பிரிஞ்சுரும், நமக்கே தெரியாம. மாசத்துக்கு ஒரு தடவை வேலையை மாத்தி விடுங்க. மூத்த பொண்ணு தம்பிக்கு சோறு போட்டு, ஹோம்வொர்க் பாத்து, டிரெஸ் எடுத்து வெச்சு குட்டி அம்மாவா மாறிட்டு இருந்தா நம்ம அசதியை அவ தலைல இறக்கி வெச்சுட்டோம்னு அர்த்தம். அவங்கவங்க வேலை அவங்கவங்களுக்கு, வீட்டுப் பொது வேலை எல்லாருக்கும்.

நின்னு போனா

பரீட்சை வாரம், வைரல் காய்ச்சல், ஊர்ல பத்து நாள் லீவு போட்டுட்டு வந்தா எல்லாம் பழையபடி ஆகிரும். திட்ட வேண்டாம், லிஸ்ட்ல முதல்ல ஆரம்பிச்ச அந்த ஒரே வேலையை மட்டும் மறுபடி எடுங்க, இந்த தடவை சீக்கிரம் வந்துரும்.

கெடைச்ச நேரத்தை என்ன பண்றதுன்னும் இப்பவே முடிவு பண்ணிருங்க. காலைல இருபது நிமிஷம் மிச்சமானா அதுல இன்னொரு பொரியல் செய்யாதீங்க, பீரோ அடுக்காதீங்க. தூங்குங்க, நடங்க, அக்காவுக்கு போன் பண்ணுங்க, சும்மா உக்காருங்க.

பதிமூணு, பதினாலு வயசுல ஆரம்பிக்க முடியுமா?

முடியும், ஆனா படம் வரைஞ்ச சார்ட் எல்லாம் எடுபடாது, உக்காந்து பேசணும். "எனக்கு முடியல, உடம்பும் மனசும் களைச்சுப் போச்சு, வீட்டை நான் மட்டும் தூக்க முடியாது"ன்னு நேரா சொல்லுங்க, பிள்ளைங்களுக்கு அது புரியும். உங்க லிஸ்டை காட்டி, எதை எடுத்துக்குறன்னு அவங்களையே தேர்ந்தெடுக்க விடுங்க. பதினேழு பதினெட்டுல காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனா துணி துவைக்கணும், ரயில் டிக்கெட் எடுக்கணும், மாசக் காசைப் பிரிச்சு வெச்சுக்கணும், அதுலேர்ந்து பின்னோக்கி எண்ணி வருஷத்துக்கு ரெண்டு மூணுன்னு பழக்குங்க. பத்து வயசுக்கு மேல பிள்ளைங்களே அவங்க பேர்ல சேவிங்ஸ் அக்கவுன்ட் வெச்சு நடத்த ரிசர்வ் வங்கி அனுமதி இருக்கு, பேங்க்குக்கு ஒரு சனிக்கிழமை கூட்டிட்டுப் போங்க, ரெண்டாவது நாலாவது சனி லீவு, அது போக மத்த சனிக்கிழமைல போங்க, ஃபார்மை நீங்க நிரப்பாதீங்க, அவங்க நிரப்பட்டும், கவுன்ட்டர்ல அவங்களே கேக்கட்டும்.